ஐந்தாம் கம்பி: தேர்வாய் கண்டிகையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை: நான்கு கம்பி பேஸ் கிட்டாரிலிருந்து ஐந்து கம்பிக்கு மாறலாமா என்ற வழக்கு கச்சேரி மேடைகளின் பின்வரிசையில் நெடுநாளாக நிலுவையில் உள்ளது. முன்வரிசையினர் இதை அறியார். பேஸ் வாசிப்பவர் ஒருவர் இருப்பதையே, அவர் நிறுத்தும்போதுதான் அவர்கள் அறிகிறார்கள்.

ஆய்வுக்களம்: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளோடு காலந்தள்ளிய சென்னைக்கு, 2020 நவம்பரில் ஐந்தாவதாக வாய்த்தது கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். நான்கோடு ஒன்றைக் கூட்டினால் என்ன நேரும் என்று ஆராய இதைவிடத் தோதான ஊர் இல்லை.

முன்னோர் கருத்து: பேரியாழுக்கு 21 நரம்புகள். அந்தப் பரம்பரையில் வந்தவர் ஐந்தைக் கண்டு மிரள்வது மரபுக்கு இழுக்கு. மேலும், நானிலம் வகுத்த தமிழர் ஐந்தாவதாகப் பாலையைச் சேர்த்தபோது அதற்கெனத் தனி நிலம் ஒதுக்கவில்லை. ஐந்தாம் கம்பியும் பாலைதான். ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து அதில் கிடைக்கும் சுரங்களெல்லாம் மற்றக் கம்பிகளில் ஏற்கெனவே குடியிருப்பவை.

கணக்கீடு: 20 ஃப்ரெட் உள்ள நான்கு கம்பி பேஸில் 36 சுரங்கள் கிடைக்கும். ஐந்தாவது கம்பி புதிதாகத் தருவது 5. வளர்ச்சி சுமார் 14 விழுக்காடு. பழைய நான்கு ஏரிகளின் கொள்ளளவு 11 டி.எம்.சி.யைத் தாண்டும், ஐந்தாவது தந்தது அரை டி.எம்.சி., அதாவது நாலரை விழுக்காடுகூட இல்லை. கம்பி ஏரியை வென்றது. ஆனால் ஏரிக்கு அரசாணை போதும், கம்பிக்கு வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்.

களச் சிக்கல்கள்: பழகிய விரல், மேலிருந்து முதல் கம்பி ஈ என்று நம்பி இறங்கும், புதுக் கம்பியின் பி ஒலிக்கும், பாடகர் திரும்பி முறைப்பார். இதற்கு அஞ்சியே பலர் புதுக் கம்பியைக் கட்டைவிரல் சாய்ந்துகொள்ளும் திண்ணையாக வைத்திருக்கிறார்கள். அதன் அதிர்வு வெறும் 31 ஹெர்ட்ஸ்; செல்போன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழில் வளாகத்து டிரான்ஸ்பார்மரோ இரவும் பகலும் 100 ஹெர்ட்ஸில் முனகுகிறது. ஜி கம்பியின் 98 ஹெர்ட்ஸுக்கு அது அடுத்த வீடு. ஆக, ஜி வாசிக்க இங்கே ஆள் இருக்கிறது. பி வாசிக்கத்தான் இல்லை.

ஆய்வு முடிவு: பாடகர்களின் சுருதிக் கணக்கில் மூன்று கட்டை என்பது ஈ. நான்கு கம்பியின் அடிமட்டமும் அதுவே. தொண்டை கட்டிய பாடகர், "ரெண்டு கட்டைக்கு இறக்குங்கண்ணே" என்றதும், கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார். நான்கு கம்பிக்காரருக்கோ கீழே டி கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே போய் நிற்கிறார். மேடையின் அடித்தளமே பரணில் ஏறிவிடுகிறது.

தீர்ப்பு: புதுக் கிட்டார் வாங்கக் கிளம்புமுன் பாடகரின் தொண்டையைச் சோதியுங்கள். மூன்று கட்டைக்குக் கீழே இறங்காதவர் என்றால் நான்கே போதும். இறங்குபவர் என்றால் ஐந்து கம்பியே வாங்குங்கள். பாதிப் பணத்தை அவரிடம் கேளுங்கள்.