கேண்டிட் எடுக்கும்போது சொல்லுங்க, ரெடியா இருக்கோம்

தாம்பரம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர், அட்வான்ஸ் ரசீதோடு சேர்த்து ஒரு தாளையும் கையில் கொடுக்கிறார். ஏ4 அளவு, இரண்டு பக்கமும் அச்சு. தலைப்பு: ‘முன்னாடியே சொல்லிடறேன்’. என்னென்ன கிடைக்கும், எதெல்லாம் கிடைக்காது, எப்போது கிடைக்கும், அதற்கு வீட்டுக்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எண் போட்டு இருக்கும். பெண்ணின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்குவார். முதல் பக்கம் பாதி தாண்டுவதற்குள், “எல்லாம் சரிதான் தம்பி, படம் மட்டும் நல்லா வந்துடணும்” என்று நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். அந்தத் தாள் மறுபடி வெளிச்சத்தைப் பார்ப்பது, சட்டை துவைக்கப் போகும் அன்றைக்கு.

நம்மவர் (இனி அவரை இப்படியே அழைப்போம்) இதற்கெல்லாம் சலித்துக்கொள்வதில்லை. ஒரு கல்யாணத்தை எடுக்க வருகிறவரிடம் வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு கல்யாணத்தை எடுக்கச் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெண்ணுக்கு இன்ஸ்டாகிராமில் பார்த்த கேரளத்துக் கல்யாணம் மாதிரி வேண்டும். அம்மாவுக்குக் காஞ்சிபுரத்தில் எடுத்த புடவையின் ஜரிகை முழுக்கத் தெரிய வேண்டும். அப்பாவுக்கு ஆபீஸில் இருந்து வந்த ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது. மாப்பிள்ளைக்குத் தொப்பை தெரியக் கூடாது. இந்த நாலு பேரும் அட்வான்ஸ் கொடுக்க ஒன்றாக வருவதில்லை. நல்ல நேரம் பார்த்து அப்பா மட்டும் வருவார்.

முன்கூட்டியே சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற ஒரு படமே சாட்சி. 1941 டிசம்பர் 30. கனடா நாடாளுமன்றத்தில் பேசி முடித்துவிட்டு வின்ஸ்டன் சர்ச்சில் பக்கத்து அறைக்கு வருகிறார். அங்கே யூசுஃப் கார்ஷ் லைட்டெல்லாம் கட்டிக் காத்திருக்கிறார். படம் எடுக்கப் போகிறார்கள் என்று சர்ச்சிலிடம் யாரும் சொல்லவில்லை. எரிச்சலோடு சம்மதித்துச் சுருட்டைப் பற்றவைத்தார். கார்ஷ் சாம்பல் கிண்ணத்தை நீட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. பக்கத்தில் போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுருட்டை வாயிலிருந்து உருவி எடுத்துவிட்டு வந்து கிளிக் செய்தார். பிரதமர் முறைத்த அந்த முறைப்பு இரண்டாம் உலகப் போரின் முகமாகவே ஆகிவிட்டது. 2016இல் வெளியான ஐந்து பவுண்டு நோட்டிலும் அந்தப் படம்தான். கார்ஷுக்குப் பேர் கிடைத்தது, சரி. நம்மூர் மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வாயிலிருந்து வெற்றிலையைப் பிடுங்கினால் பேலன்ஸ் தொகை கிடைக்காது.

ஆகவே தாள். அதில் முதல் சங்கதி, கேண்டிட். யாரும் கேமராவைப் பார்க்க மாட்டார்கள், தங்கள் பாட்டுக்கு இருப்பார்கள், நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று அழகாக எழுதியிருக்கிறார். ஒரு மாப்பிள்ளையின் அம்மா அதைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டு, “ரொம்ப நல்லது தம்பி, கேண்டிட் எடுக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, ரெடியா இருக்கோம்” என்றார். சொன்னபடியே கல்யாணத்தன்று இருந்தார். நம்மவர் லென்ஸைத் திருப்பிய திசையிலெல்லாம் அந்தம்மா தலையை லேசாகச் சாய்த்து, எதையோ யோசிக்கிற பாவனையில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்தது வெளிச்சம். ரிசப்ஷன் மேடைக்கு டெக்கரேஷன்காரர் ஊதாவும் ரோஸுமாக எல்இடி விளக்குகளைப் போட்டுவிட்டால் பெண்ணும் ஊதாவாகத்தான் வருவாள், அரக்குப் பட்டு எந்த நிறத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுகூடப் பரவாயில்லை, எடிட்டிங்கில் கொஞ்சம் சரிக்கட்டலாம். பெரிய தொல்லை வேறு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும். ஷட்டரை 1/100 நொடிக்கு இறக்கினால் பட்டை போய்விடும், ஆனால் அட்சதை தூவுகிற கை கோடாக இழுபடும். இதையெல்லாம் விளக்கி, ‘மேடைக்கு வெள்ளை விளக்கு போதும்’ என்று தாளில் எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்த ஒரு பெண்ணின் அப்பா, “வெள்ளை லைட்டா? அது என்ன தம்பி, ஆஸ்பத்திரி மாதிரி” என்றார்.

முகூர்த்தத்துக்குத் தனிப் பத்தி. கெட்டி மேளம் என்று குரல் எழுந்ததும் தவில் வெடிக்கும். மணமகன் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும். முதல் முடிச்சு அவன் கையால், மீதியைப் போட நாத்தனார் பின்னால் தயாராக நிற்பார். எல்லாம் சேர்த்துப் பத்து, பதினைந்து நொடி. அந்தப் பத்து நொடிக்குள் முன்வரிசையில் இருந்த சித்தப்பா ஒருவர் எழுந்து, இரண்டு கையாலும் டேப்லெட்டைத் தூக்கிப் பிடிப்பார். எட்டு அங்குலத் திரை சரியாகத் தாலியை மறைக்கும். அப்புறம் அட்சதை மழை. லென்ஸ் விளிம்பில் நாலு மஞ்சள் அரிசி ஒட்டிக்கொள்ளும். இதனால்தான் ‘தாலி கட்டும்போது மேடைக்கு முன்னால் ஆறடி காலியாக இருக்க வேண்டும், போனைத் தயவுசெய்து உள்ளே வைக்கவும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். சித்தப்பாக்களுக்கு இந்தத் தாள் போவதில்லை என்பதுதான் சிக்கல். ஒருமுறை அப்படி மறைத்த பெரியவரே பிறகு வந்து, “என் டேப்ல சரியா விழலை, இன்னொரு தடவை கட்டற மாதிரி வச்சு எடுத்துடலாமா?” என்று கேட்டார். ஐயர் அவரைப் பார்த்த பார்வைக்கு முன்னால் சர்ச்சில் ஒன்றுமில்லை.

ட்ரோன் விஷயத்தில் நம்மவர் கறார். குரோம்பேட்டை, பல்லாவரம் மண்டபங்களில் ‘ட்ரோன் ஷாட் உண்டா?’ என்று கேட்காத குடும்பம் இல்லை. 2021இல் வந்த ட்ரோன் விதிகளின்படி வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பில் பறக்கவிட மத்திய அரசின் அனுமதி வேண்டும், மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காரர்களின் அனுமதி வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தின் சக்கரம் மொட்டை மாடியிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற இடம் அது. “பக்கத்துத் தெருக் கல்யாணத்துல விட்டாங்களே” என்பார்கள். “அவங்க விட்டாங்க, நான் விட மாட்டேன்” என்பார் நம்மவர். மாமல்லபுரத்தில் ப்ரீ-வெட்டிங் ஷூட் கேட்கிறவர்களுக்கும் ஒரு வரி உண்டு: கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள் ட்ரைபாட், லைட் என்று இறக்க வேண்டுமானால் தொல்லியல் துறையின் அனுமதியை முதலில் வாங்க வேண்டும்.

குழந்தைகளுக்குத் தாள் செல்லாது. அதற்கு வேறு ஏற்பாடு. 2018 மே மாதம் விண்ட்சர் கோட்டையில் இளவரசர் ஹாரியின் கல்யாணக் குடும்பப் படத்தை எடுத்த அலெக்ஸி லுபோமிர்ஸ்கி, குட்டிகள் உள்ளே வந்ததும் “ஸ்மார்ட்டீஸ் மிட்டாய் யாருக்குப் பிடிக்கும்?” என்றுதான் கேட்டாராம். பெரியவர்களில் சிலரும் கை தூக்கினார்களாம். நம்மவர் கேமரா பையில் மெமரி கார்டுக்குப் பக்கத்தில் ஜெம்ஸ் பாக்கெட் இருக்கிறது.

வாடிக்கையாளர்கள் உண்மையிலேயே சண்டைக்கு வருவது ஆல்பத்துக்காக. ஒரு கல்யாணத்தில் 3,000 படம் விழுகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் ஏறக்குறைய 25 எம்பி, ஆக மொத்தம் 75 ஜிபி. அதைக் கழித்து, நிறம் திருத்தி, நம்மவர் ஒரு மாதத்துக்குள் பென் டிரைவில் கொடுத்துவிடுவார். அதிலிருந்து ஆல்பத்துக்கு 250 படத்தைக் குடும்பம் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். ‘தேர்வு வந்த நாளிலிருந்து 45 நாள்’ என்று தாளில் இருக்கிறது. தேர்வு வராது. பெரிய அத்தை இருக்கிற படத்தை எடுத்தால் சின்ன அத்தை படத்தையும் எடுக்க வேண்டும், சின்ன அத்தை நன்றாக விழுந்த ஒரே படத்தில் பெரிய அத்தை கண்ணை மூடியிருக்கிறார். ஆடி போகும், மார்கழி போகும். கடைசியில் போன் வரும். “தம்பி, ஆல்பம் இன்னும் வரலையே” என்று தொடங்கி, “சரி, அடுத்த மாசம் வளைகாப்பு, தேதியைக் குறிச்சுக்கோங்க” என்று முடியும்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதும் தாளில் உண்டு. அதைச் சேர்க்க வைத்தவர் வக்கீலாக இருந்த ஒரு பெரியப்பா. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 என்ன சொல்கிறதென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே இன்ஸ்டாகிராமில் போட நம்மவர்தான் வீட்டாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பெண் வீட்டார் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள், நிபந்தனை ஒன்றுதான்: எந்தப் படம் என்பதை அவர்கள் தேர்ந்தெடுத்துத் தருவார்கள்.

இத்தனை குடும்பங்களில் அந்தத் தாளே தேவைப்படாத ஒருவரை நம்மவர் சந்தித்திருக்கிறார். பெண்ணின் தாத்தா. எண்பதைத் தாண்டியவர். பந்தி நடந்துகொண்டிருந்தபோது கைதட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, என்னைத் தனியா ஒண்ணு எடு. மார்பு வரைக்கும் போதும். பின்னாடி ஒண்ணும் இருக்கக் கூடாது, வெறும் சுவரா இருக்கட்டும். சந்தன மாலை போட்டா எடுப்பாத் தெரியணும். பேப்பர்ல போடறதுக்குக் கறுப்பு வெள்ளையில ஒரு காப்பி. பிரேமுக்கு 12க்கு 18 போதும், அதுக்கு மேல போனா ஹால்ல டிவிய மறைக்கும்னு என் மருமக சண்டைக்கு வருவா.”

நம்மவர் சுவரோரம் நாற்காலி போட்டு எடுத்தார். தாத்தா கேமராவின் திரையை வாங்கி உற்றுப் பார்த்தார். கண்ணாடியில் லைட் அடிக்கிறது என்று கழற்றிவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார். இரண்டாவது பிடித்துவிட்டது.

“எப்ப வேணும் தாத்தா?” என்றார் நம்மவர், வழக்கமாகக் கேட்கிற மாதிரி.

“ஒண்ணும் அவசரமில்ல தம்பி. நீ எவ்வளவு லேட் பண்ணாலும் நான் போன் பண்ணிக் கேக்க மாட்டேன்.”