விசிலியல்: ஒரு முன்னாய்வு

அன்றாடப் பொருள்களைச் சற்றே இனிமையாக்கும் முயற்சிகளை ஆராய்வதற்குத் தமிழில் இன்னும் ஒரு துறை இல்லை. முதலில் பெயர், பிறகு இருக்கை, அதற்கப்புறம்தான் ஆய்வு என்பது நம் மரபாதலால், இதை ‘இன்பொருளியல்’ என்போம்.

இன்பொருள்கள் நால்வகைப்படும்: பெருக்குபவை, நிரம்புபவை, மூடுபவை, கத்துபவை. பெருக்குபவற்றுள் தலையாயது துடைப்பம். காம்பில் சலங்கை கட்டலாம். நிரம்புபவற்றுள் பக்கெட்; வழியுமுன் ஒருமுறை செருமினால் போதும். மூடுபவை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வகை என்றால் தேர்வாளர் முகம் சுளிப்பார் என்பதால் சேர்க்கப்பட்டன. எஞ்சியவை கத்துபவை. அவற்றுள் முதன்மையானது குக்கர்.

முன்னாய்வுகள் சில உள. சாப்ஸ்டிக்கில் குட்டி விசிறி பொருத்தி நூடுல்ஸை ஆற்றுவது போன்ற கண்டுபிடிப்புகளுக்கு ‘சிந்தோகு’ என்று பெயரிட்டவர் ஜப்பானின் கெஞ்சி கவகாமி. உண்மையில் பயன்படக் கூடாது, விற்கக் கூடாது என்பவை அவர் வகுத்த விதிகளுள் இரண்டு. நம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அவரை அறியாமலே இவ்விரண்டையும் வழுவாமல் காத்து வருகின்றன.

குக்கரின் தோற்றம் 1679. பிரான்சில் பிறந்த டெனி பாப்பேன், எலும்பையும் குழைய வேகவைக்கும் இறுக மூடிய கலத்தை லண்டனில் செய்து காட்டினார். வெடித்துவிடாமலிருக்க எடை வைத்த வால்வு ஒன்றையும் பொருத்தினார். நம் வெயிட்டுக்குக் கொள்ளுப்பாட்டன் அதுதான். 1682-ல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு இக்கலத்தில் சமைத்து விருந்து வைத்ததை ஜான் ஈவ்லின் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எத்தனை விசில் என்பதை மட்டும் எழுதாமல் விட்டார். ஆங்கில நாட்குறிப்பு மரபின் பேரிடைவெளி இது.

இனி மையப் பொருள். 1983-ல் இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக ஜெர்மானியர் ரிச்சர்டு சாப்பர் ஒரு கெட்டில் வடிவமைத்தார். அதில் பித்தளைக் குழல்கள் இரண்டு. தண்ணீர் கொதித்தால் மேற்கத்திய ‘இ’, ‘பி’ சுரங்களைச் சேர்ந்து ஊதும். முன்னதைச் சட்ஜமாகக் கொண்டால் பின்னது பஞ்சமம். அதாவது, வெறும் வெந்நீர் தம்புரா போடுகிறது! வேங்கடமகி வகுத்த 72 மேளங்களைக் கையில் வைத்துக்கொண்டு, நம் துவரம்பருப்பை இன்றளவும் ‘உஸ்ஸ்’ என்று அலறவிடுகிறோம்.

பரிந்துரைகள்: சாதத்துக்கு மாயாமாளவகௌளை, பால பாடம் அதுதானே. கொண்டைக்கடலைக்கு விளம்ப காலத்தில் பைரவி. சிலிண்டர் தீரும் நேரத்தில் முகாரி. அமிர்தவர்ஷிணியை மாடியில் வடாம் காயும் நாளில் தவிர்க்க வேண்டும் (பக்கத்து வீட்டு மாமி, வாய்மொழி). ஆகிரியைப் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்ற நம்பிக்கை பழையது. குக்கரே அதைப் பாடினால் என்னாகும் என்பது தனி ஆய்வுக்குரியது (அதே மாமி, மாடிப்படிப் பதிப்பு, திருத்தியது). கடைசி விசில் மத்தியமாவதியாக இருந்தால், உப்புப் போட மறந்த குற்றமும் நீங்கும் (அதே மாமி, மொட்டைமாடிக் கருத்தரங்கம், வடாம் அமர்வு, தலைமையுரை, மறுப்பு: அவர் மாமியார், அடுப்படிச் சுவடி, அச்சேறாதது, பக்கங்களில் எண்ணெய், இருவரையும் மறுத்து: மாமா, செய்தித்தாளின் பின்னிருந்து எழுந்த உறுமல், காலம் கணிக்க இயலவில்லை).

அடுக்ககங்களில் ஒரு சிக்கல் உண்டு. மேல்வீட்டு விசிலை நம்முடையதென்று எண்ணி அடுப்பை அணைப்பதும், பருப்பு பல்லில் கடிபடுவதும் வழக்கம். வீட்டுக்கொரு ராகம் ஒதுக்கினால் தீரும். தோடியை யாருக்குக் கொடுப்பது என்பதில் சங்கத் தேர்தல் நடக்க வேண்டிவரும், நடக்கட்டும்.

இத்தனைக்கும் எதிராக ஒரு வாதம் உண்டு: விசிலை எண்ணுவதே தவறு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ண வேண்டும், உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ் நிற்பதுதான் பருப்பை வேகவைக்கிறது, சத்தமல்ல. இது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏற்றுக்கொண்டால் இத்துறைக்கு இருக்கை கிடைக்காது என்பதால் நிராகரிக்கப்படுகிறது.

பாணர் யாழோடு திரிந்தனர், பசியோடும் திரிந்தனர். எனவே இசை பாடும் குக்கர் சங்க காலத்திலேயே இருந்தது என்று முந்நூறு பக்கம் எழுத நம்மிடம் ஆளுண்டு. அவருக்கு இடம் விட்டு ஒதுங்குகிறேன்.

வாசகர்கள் தத்தம் வீட்டுக் குக்கரின் சுருதியைக் குறித்து அனுப்பலாம். உரிய கட்டணம் சேர்த்து அனுப்புவோர், அடுத்த கட்டுரையில் இணையாசிரியர் ஆவர். குக்கர் இல்லாதோரும் விண்ணப்பிக்கலாம்.