ஈக்கோசிஸ்டக்காரர்

ஓ.எம்.ஆர். பக்கம் போகிறவர்கள் இவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. கட்டம் போட்ட சட்டைக்கு மேல் கையில்லாத கோட்டு. கழுத்தில் முடிந்துபோன கருத்தரங்குகளின் அட்டைகள். என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுவிட்டால், “ஸ்டார்ட்அப் ஈக்கோசிஸ்டத்துல இருக்கேங்க” என்பார். கிணற்றுத் தவளைகூடக் கிணற்றில் இருப்பதை உத்தியோகமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

கம்பெனி நடத்துகிறவரல்ல, பணம் போடுகிறவருமல்ல. நடத்துகிறவரையும் போடுகிறவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர். லேப்டாப்பைத் திறந்தால் முதலில் வட்டங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த படம் ஒன்று வரும். நடுவட்டத்தில் இவர்தான் இருப்பார்.

மைத்துனி கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போன இடத்திலும் விடவில்லை. “மண்டபம், சமையல், நாதஸ்வரம், வீடியோ, பந்தி பரிமாற ஆளுங்க... இது ஒரு முழு வெடிங் ஈக்கோசிஸ்டம் மாமா.”

“அதெல்லாம் சரி மாப்ள, அட்வான்ஸ் யாரு கொடுக்கறது?”

உடனே அவருக்குப் போன் வந்துவிட்டது. அந்தப் போனும் ஒரு ஈக்கோசிஸ்டம்தான்: ஐபோன், அதோடு பேசும் வாட்ச், காதில் ஏர்பாட்ஸ். மகள் ஆண்ட்ராய்டு வாங்கிய அன்று மனிதர் இரவுச் சாப்பாடே சாப்பிடவில்லை.

அந்தச் சொல்லின் ஜாதகமே அப்படி. 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தாவரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கலைச்சொற்களைக் கண்டபடி கையாளுகிறார்கள் என்பது அதில் அவர் புகார். தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டுரையில்தான் ஈக்கோசிஸ்டம் முதன்முதலாக அச்சேறியது! உயிர்களை மட்டும் பார்த்தால் போதாது, மண்ணையும் தட்பவெப்பத்தையும் சேர்த்து மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்றார் அவர். 1993-இல் ஜேம்ஸ் மூர் என்பவர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அதைக் கம்பெனிகளுக்கும் பொருத்தினார். அவரும் தலைப்பில் வேட்டை விலங்கையும் இரையையும் மறக்காமல் வைத்திருந்தார்.

நம்மவர் இரண்டையும் கழற்றிவிட்டார். இவருடைய ஈக்கோசிஸ்டத்தில் யாரும் யாரையும் தின்பதில்லை. எல்லோரும் ‘கொலாபரேட்’ செய்கிறார்கள். சாவும் கிடையாது. சம்பளம் போடமுடியாமல் இழுத்து மூடிய கம்பெனிகூட ‘பிவட்’ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒருநாள் ஆறாவது மாடிக் கண்ணாடி வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காட்டினான், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். கூழைக்கடா வரும், பூநாரை வரும். தென்சென்னையின் மழைநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். 2022-இல் ராம்சர் பட்டியலில்கூடச் சேர்த்துவிட்டார்கள் என்று ஆர்வமாக அடுக்கினான். இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இவ்வளவு லேண்ட் சும்மாவா கெடக்குது?” என்றார். அந்த வருடம் மழையில் அலுவலகத்துத் தரையடிப் பார்க்கிங்கில் தண்ணீர் புகுந்தபோது, இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஈக்கோசிஸ்டம் சரியில்லை என்று லிங்க்ட்இன்னில் நீளமாக எழுதினார். ‘அருமையான பார்வை சார்’ என்று வரிசையாகப் பாராட்டுகள் வேறு.

கட்டடத்துக்குக் கீழே டீக்கடை. மாதக் கணக்கு. கடைக்காரர் நோட்டை எடுத்தாலே இவர் முந்திக்கொள்வார்: “அண்ணே, நீங்களும் நம்ம ஈக்கோசிஸ்டத்துல முக்கியமான ஸ்டேக்ஹோல்டர்.” டீ ஆற்றுகிறவருக்கு அதில் சந்தோஷம்தான், முதல் இரண்டு மாதம்.

மூன்றாம் மாதம் அவர் நோட்டையே எடுக்கவில்லை. பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த க்யூ.ஆர். அட்டையை எடுத்து, பேசாமல் இவர் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தார்.

இவர் அதைப் பார்த்துப் பூரித்தே போனார். “பாருங்கண்ணே! பேமென்ட் ஈக்கோசிஸ்டம் எங்கே வந்து நிக்குது பாருங்க!” என்றபடி அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, லிஃப்ட் பக்கம் நடந்தார்.