உசந்த வீடு, தாழ்ந்த வண்டி

ஆறுமுகநேரியில் இந்த அண்ணாச்சியைக் கண்டுபிடிக்க யாரிடமும் விலாசம் கேட்க வேண்டாம். சாயங்காலம் ஒரு தெருவில் கார் ஒன்று குறுக்கே நிற்கும். அதிலிருந்து மனைவி, மாமியார், பிள்ளைகள், ஒரு மூட்டை அரிசி எல்லாம் வரிசையாக இறங்கும். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர்தான் அவர்.

பாரம் குறைந்தால் வண்டி ஒரு விரல்கடை எழும்பும். எழும்பினால்தான் வாசல் சரிவில் ஏறும். எதிர்வீட்டுப் பையன் குத்தவைத்து, கன்னம் சிமெண்டில் உரச அடிவயிற்றைப் பார்ப்பான். "வாங்க... வாங்க... நேரா வராதிய, கோணலா வாங்க..." கர்ர்ர் என்று ஒரு சத்தம். "அண்ணாச்சி, தட்டிட்டு!" அதை அவன் சொல்லியே இருக்க வேண்டாம், அடைக்கலாபுரம் வரை கேட்டிருக்கும்.

அண்ணாச்சிக்கு ஆசை இரண்டு. வீடு மச்சான் வீட்டைவிட உசரமாக இருக்க வேண்டும். வண்டி ஊரிலேயே தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாசலில் சந்திப்பதுதான் சிக்கல்.

வீட்டை உயர்த்தியதற்கு அவரை மட்டும் குறை சொல்வது பாவம். தார் மேல் தார் போட்டு நம் ரோடுகள் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தவை. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். அதற்குள் பழைய வீட்டுக்காரர்கள் படியேறுவதை மறந்து, படியிறங்கி வீட்டுக்குள் போகப் பழகிவிட்டார்கள். அப்புறம் 2023 டிசம்பர் வந்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதைப் பார்த்தவன் எவனும் அஸ்திவாரத்தைத் தாழ்த்திக் கட்ட மாட்டான். அண்ணாச்சி ரோட்டிலிருந்து மூணடி தூக்கினார். அதில் வெள்ளத்துக்கு எவ்வளவு, மச்சானுக்கு எவ்வளவு என்பது கொத்தனாருக்குத்தான் தெரியும்.

தூக்கியாகிவிட்டது, சரி. சரிவுக்கு இடம்? முன்னால் இருப்பது ஒன்பதடி. அதைத் தாண்டினால் வாறுகால், அதற்கப்புறம் பேரூராட்சி ரோடு. மூணடி உசரத்துக்கு ஒன்பதடி நீளமென்றால் பதினெட்டு டிகிரிக்கு மேல் வருகிறது. அவர் வைத்திருக்கும் ஸ்விஃப்டுக்குத் தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் இடைவெளி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2450. கணக்குப் போட்டால், பதினைந்து டிகிரிக்கு மேல் முறிகிற எந்த மேட்டு முனையும் அதன் வயிற்றைத் தொட்டே தீரும். பன்னிரண்டடி நீளமிருந்தால் தப்பும்.

இந்த லட்சணத்தில்தான் அண்ணாச்சி வண்டியை இன்னும் 40 மில்லிமீட்டர் இறக்கப் பார்க்கிறார். கேரளத்துப் பிள்ளைகள் வண்டியைத் தரையோடு தரையாக ஒட்டி ஓட்டுவதை யூடியூபில் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. இறக்கினால் சரிவு பதினைந்தடியாவது வேண்டும். வாறுகாலைத் தாண்டி, ரோட்டில் ஒரு பங்கையும் பட்டா போட வேண்டியிருக்கும்.

"ஷாக்கப்சரை மாத்தினா எல்லாம் சரியாயிரும்லா?" என்று ஒர்க் ஷாப்பில் கேட்பார். மெக்கானிக் பதில் சொல்லாமல் சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு துடை துடைத்துக் காட்டுவார். விரலில் கறுப்பு ஆயில், துரு, நடுவே நரநரவென்று உப்பு. உப்பளத்துக் காற்றும் சாகுபுரம் ரோட்டுத் தூசியும் சேர்ந்து ரப்பர் உறையைக் கிழித்து, ஆயிலைக் கசியவிட்டிருக்கும். "உசரத்தைத் தாங்குறது ஸ்பிரிங், அண்ணாச்சி. ஷாக்கப்சர் குதியாம பிடிக்கும், அவ்வளவுதான்." அண்ணாச்சி தலையாட்டுவார். போன மாசமும் இதே தலையாட்டல்தான்.

சரிவில் ஏற்றுவதற்காக முதலில் ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகிப் பார்த்தார். வண்டி கொஞ்சம் எழும்பியது. சரிவிலும் ஏறியது. ஆனால் ரோட்டில் கட்டை வண்டி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உசரமென்றால் அகலம் மீட்டர் கணக்கில் இருக்க வேண்டும். நம்மூரில் உசரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அகலத்தை மிச்சம் பிடித்து, உப்புப் பாத்தி வரப்பு மாதிரி போட்டுவைக்கிறார்கள். திருச்செந்தூர் போய் முருகனைக் கும்பிட்டுத் திரும்பிய மாமியார் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பஃபர் அன்றைக்கே வெளியே வந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி தந்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால் அண்ணாச்சி, "அது கேரளா கேஸுல்லா" என்பார். கேரளத்துப் பிள்ளைகளைப் பார்த்து ஆசைப்படலாம், கேரளத்து வழக்கைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

தீர்வு என்னவோ கொத்தனாரிடம் இருந்தது. "போர்ட்டிகோவை மூணடி உள்ள உடைச்சு சரிவை நீட்டிருவோம். ஒன்பதும் மூணும் பன்னிரண்டு. முனையைக் கொஞ்சம் உருட்டிப் பூசினா இப்ப இருக்க வண்டி நோகாம ஏறிரும்." எனக்கென்னவோ இந்தக் கதையில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அண்ணாச்சி பதறிப்போனார். "கிரானைட்டுவே! மச்சான் வீட்டுல வெறும் டைல்ஸு!"

ஆகவே கிரானைட்டில் ஸ்கூட்டரும் காயப்போட்ட வத்தலும் இருக்கின்றன. கார் தெருவில் உறை போட்டுக் கிடக்கிறது. போன வாரம் அண்ணாச்சி 200 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள பெரிய வண்டி ஒன்றின் நோட்டீஸை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"இதை வாங்கிட்டு, ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டி இறக்கிட்டா எப்படி இருக்கும்?" என்றார்.