வாஸ்கோடகாமாவின் சாம்பிள் பீஸ்

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குப் போவது அட்டைப்பெட்டிகள்தான். ஆட்கள் போவதில்லை. பெட்டிகளில் பெரும்பாலானவை தூத்துக்குடிக்குப் போகும், சில பாலக்காட்டுக் கணவாய் தாண்டிக் கொச்சிக்குப் போகும். வயசெல்லாம் பெட்டியை மட்டும் வழியனுப்பிக்கொண்டிருந்த எங்கள் மாமா, இந்த முறை தீபாவளி போனஸைக் கொடுத்து முடித்தார். டெய்லர்களும் செக்கிங் பெண்களும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள், திருப்பூரே துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. அந்த வாரத்தில்தான் தானும் ஒருமுறை கப்பல் ஏறிப் பார்த்துவிடுவதென்று முடிவெடுத்தார். கொச்சியிலிருந்து மும்பை போகும் சொகுசுக் கப்பல். சாயங்காலத்துக்குள் ஏறிவிட வேண்டும். அதுவரை ஊர் சுற்றலாம்.

அத்தை கோயில் பார்க்கலாம் என்றார். நான் சரித்திரம் பார்க்கலாம் என்றேன். மாமாவுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த இடத்துக்குப் போனாலும் அவரிடம் மூன்று கேள்விகள் இருக்கும்: யார் போட்ட காசு, யார் செஞ்ச வேலை, பணம் வந்துச்சா இல்லையா. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இதில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை என்பதால்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

வாளையார் தாண்டியதும் நான் ஆரம்பித்தேன். "மாமா, இந்த ரோடு ரெண்டாயிரம் வருசத்துப் பழசுங்க. முசிறித் துறைமுகத்துல எறங்குன சரக்கு இந்தக் கணவாய் வழியாத்தான் நம்ம கொடுமணலுக்கும் கரூருக்கும் வந்துச்சு."

கொடுமணல் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையில் இருக்கிறது. அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள், படிகத்திலும் பச்சைக்கல்லிலும் மணி கோத்திருக்கிறார்கள். பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. தோண்டியவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஆக, நொய்யல் கரையில் ஏற்றுமதித் தொழில் என்பது பனியன் வந்த பிறகு பிறந்ததல்ல. ஒரே வித்தியாசம், மணி கோத்தவர்களால் ஆறு நிறம் மாறவில்லை. சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவு போடும் நிலைமைக்கு ஆற்றைக் கொண்டுபோய் நிறுத்தியது எங்கள் தலைமுறையின் சாதனை.

"அப்ப டோல் உண்டா?" என்றார் மாமா, ஃபாஸ்டேகில் பணம் போன சத்தத்தைக் கேட்டுக்கொண்டே.

டோல் பற்றித் தெரியாது, சுங்கம் உண்டு. முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பலின் கணக்கு, ஒரு பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டு இன்றும் வியன்னாவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சீட்டு. ஒரு பக்கம் கடன் பத்திரம், மறுபக்கம் சரக்குக் கணக்கு: யானைத் தந்தம், கங்கைக் கரையின் சடாமாஞ்சில் தைலம், எல்லாம் சேர்த்து ரோமானியக் காசில் கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ் மதிப்பு. ஒரே கப்பலில்! அதற்கு ரோமாபுரி அரசு பிடித்த இறக்குமதி வரி 25 சதவீதம்.

"இருபத்தஞ்சுதானா? தங்கமான மனுசங்க," என்றார் மாமா. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் போட்டபோது, பேக்கிங் முடிந்த பெட்டிகளை வைத்துக்கொண்டு முழித்தவர் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரோமாபுரி இப்ப எப்படி இருக்குது மாப்ள?" என்றார்.

"அது அழிஞ்சு போயி ரொம்ப நாளாச்சுங்க."

"பாத்தியா!"

வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சிக்கொண்டு போகிறதென்று பிளினி என்ற ரோமானியப் பெரியவர் புலம்பி எழுதிவைத்திருப்பதையும் சொன்னேன். மாமாவுக்குப் பரம திருப்தி. வாங்குனவன் அழுதிருக்கான்னா, நம்மாளு விலையைச் சரியாச் சொல்லியிருக்கான் என்று அர்த்தமாம். பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இதே முடிவுக்கு வர இருநூறு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த முசிறி என்ன ஆனது? 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் அதன் முகத்துவாரத்தை மண் போட்டு மூடிவிட்டு, தெற்கே கொச்சியில் புதிதாகத் திறந்துவிட்டது என்பது கேரளத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒரு பார்ட்டி கடையைச் சாத்தினால் அடுத்த பார்ட்டிக்கு ஆர்டர் போகும். கொச்சிக்கு அப்படித்தான் போனது.

ஃபோர்ட் கொச்சியில் முதலில் சீன வலை. சீனத் தளபதி செங் ஹோவின் ஆட்கள் கொண்டுவந்ததா, மக்காவுவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. நாலைந்து ஆட்கள் கல் கட்டிய கயிறுகளைப் பிடித்துத் தொங்கி, அந்தப் பிரம்மாண்டமான வலையைத் தூக்கினார்கள். உள்ளே ஒரு கைப்பிடி பொடிமீன். வலையைப் படம் எடுத்தவர்களிடம் ஒருவர் காசு கேட்டார். "இதுதாம்பா மெயின் பிசினஸ், மீனு சைடு," என்று மாமா நகர்ந்துவிட்டார்.

அடுத்தது புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த இடம். இங்கேதான் நாங்கள் அதிக நேரம் நின்றோம், ஏனென்றால் காமா கதையை மாமாவுக்கு முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது.

1498 மே 20. காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்கிறார். முதலில் கரைக்கு அனுப்பிய ஆளிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, கிறிஸ்தவர்களையும் நறுமணப் பொருட்களையும் தேடி என்ற பொருளில் பதில் வந்தது. மிளகு கிடைத்தது. கிறிஸ்தவர்கள்? ஊருக்குள் போகும் வழியில் ஒரு கோயிலைப் பார்த்து, இதுதான் சர்ச் என்று முடிவுகட்டி, உள்ளே போய் மண்டியிட்டார்கள். சுவரில் இருந்த 'புனிதர்களுக்கு' வாய்க்கு வெளியே பல்லும் நாலைந்து கைகளும் இருந்ததைக் குறித்துவைத்தவர்கள், அப்போதும் சந்தேகப்படவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும், இது பிசாசாக இருந்தால் என் கும்பிடு மேலே இருக்கும் கடவுளுக்கே போய்ச் சேரட்டும் என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டதாக ஒரு பழைய வரலாறு சொல்கிறது. கப்பலில் வந்தவர்களில் புத்திசாலி அவர்தான்.

பிறகு கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரிக்குக் கொடுக்கப் பரிசு எடுத்துவைத்தார்கள். பட்டியல் அவர்கள் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது: கோடு போட்ட துணி 12 பீஸ், தலையை மூடும் செக்கச்சிவப்பு ஹூட் 4, தொப்பி 6, பவளம் 4 சரம், கைகழுவும் கிண்ணம் 6, சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெய் 2 பீப்பாய், தேன் 2 பீப்பாய்.

மாமா இரண்டாவது ஐட்டத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இரு. எந்த மாசம்னு சொன்ன?"

"மே மாசம்."

"மே மாசத்துல, கோழிக்கோட்டுல, ஹூடியா?"

அவர் அதிர்ச்சி நியாயமானது. பையரின் ஊரில் என்ன சீசன் என்று தெரியாமல் சாம்பிள் அனுப்புவது எங்கள் ஊரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வந்த முதல் வாரப் பையன்கூடச் செய்யமாட்டான். அரபிப் பட்டும் சீனப் பீங்கானும் குவிகிற துறைமுகத்துக்குக் கோடு போட்ட துணி 12 பீஸ். தேனும் எண்ணெயும் கிடைக்காத ஊருக்கா வந்தன? காமா கொண்டுவந்தது எல்லாம் காமாசோமா சரக்கு. சாமூதிரியின் அதிகாரிகள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வரும் பரம ஏழை வியாபாரிகூட இதைவிட நல்லதாகக் கொடுப்பான், மன்னருக்கு என்றால் தங்கம் கொண்டுவா என்றார்கள். காமா என்ன சொன்னார் தெரியுமா? நான் வியாபாரி இல்லை, தூதன், இது என் சொந்தச் சரக்கு, ராஜா அனுப்புவது அடுத்த தடவை வரும்.

"அடுத்த லாட்ல பாத்துக்கலாம்னு சொல்லியிருக்கான்," என்றார் மாமா. "எவ்ளோ பேரு சொல்லிக் கேட்டிருக்கறேன்."

கடைசியில் கிளம்பும்போது சுங்கத்தைக் கட்டு என்றார்கள். காமா கட்டாமல், உள்ளூர் ஆட்கள் சிலரையும் பிடித்துக் கப்பலில் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். இந்தப் பயணத்துக்குத்தான் நாம் ஐந்தாம் வகுப்பிலிருந்து தேதி மனப்பாடம் செய்கிறோம்.

அடுத்த தடவை வந்ததைச் சொல்லும்போது எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. 1502இல் பீரங்கிகளோடு வந்த காமா, மக்காவிலிருந்து யாத்திரை முடித்துத் திரும்பிய கப்பலொன்றைப் பிடித்து, பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தார். பேரம் படியாதவன் கடைக்கே தீ வைத்தான் என்பதுதான் அதற்குப் பிறகான ஒரு நூற்றாண்டுக் கதை.

மூன்றாவது முறை 1524இல் வைஸ்ராயாக வந்தவர் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கொச்சியில் இறந்தார். இந்த ஆலயத்தில் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்கு அனுப்பிவிட்டார்கள். தரையில் கம்பி வேலி போட்ட கல் மட்டும் இருக்கிறது. ஆள் இல்லாத கல்லறையைச் சுற்றி நின்று பத்துப் பதினைந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் கண் கல்லில் இல்லை, மேலே இருந்தது. கூரையிலிருந்து வரிசையாக நீளத் துணி விசிறிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகிறது. உள்ளே துரைமார் காற்று வாங்கிக்கொண்டு ஜபம் செய்ய, வெளியே வெயிலில் உட்கார்ந்து ஒரு மலையாளத்து ஆள் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். மாமா துணியின் ஓரத்தை அண்ணாந்து பார்த்தார், மடிப்புத் தையலை எண்ணினார், பிறகு கயிறு போகும் ஓட்டையைப் பார்த்தார். "இழுத்தவனுக்கு டைம் ரேட்டா, பீஸ் ரேட்டா?" என்றார். அங்கிருந்த எந்தப் பலகையிலும் அந்தத் தகவல் இல்லை.

ஆலயமும் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1503இல் மரத்தில் கட்டிய போர்ச்சுகீசியரின் கத்தோலிக்கச் சொத்து. 1663இல் டச்சுக்காரர் பிடித்துப் புராட்டஸ்டண்ட் ஆக்கினார்கள். அப்புறம் ஆங்கிலேயர். இப்போது தென்னிந்தியத் திருச்சபை. இவர்களை எல்லாம் உள்ளே விட்டது யார்? கொச்சி ராஜா. சாமூதிரிக்குக் கப்பம் கட்டிக் கட்டி வெறுத்துப்போயிருந்தவர், பெரிய கம்பெனியைக் கவிழ்க்க வெளிநாட்டு ஆர்டர் கிடைத்ததென்று போர்ச்சுகீசியரை வரவேற்றார். சாமூதிரி படையெடுத்து வந்ததும் கோட்டை கட்டிக்கொள்ள இடமும் கொடுத்தார். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை அதுதான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று அவருக்குச் சொல்ல ஒரு தமிழன்கூட அரண்மனையில் இல்லாமல் போனது அவர் விதி.

மட்டாஞ்சேரியில் 'டச்சு அரண்மனை' பார்த்தோம். கட்டியவர்கள் போர்ச்சுகீசியர், 16ஆம் நூற்றாண்டின் நடுவில். பக்கத்துக் கோயிலைக் கொள்ளையடித்துவிட்டு, ராஜாவைச் சமாதானப்படுத்தக் கட்டிக்கொடுத்தது என்கிறார்கள். நூறு வருஷம் கழித்து டச்சுக்காரர்கள் கொஞ்சம் ரிப்பேர் பார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. "தெச்சது ஒருத்தன், லேபிள் ஒருத்தன்," என்று சொல்லிவிட்டு மாமா வாசலில் ஐஸ் சர்பத் வாங்கப் போய்விட்டார். முதலிபாளையத்துக்காரருக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அவர் உண்மையிலேயே அசந்துபோனது பரதேசி யூதர் ஜெப ஆலயத்தில். 1568இல் கட்டியது. தரை முழுக்க 18ஆம் நூற்றாண்டில் வந்த சீன ஓடுகள், வெள்ளையில் நீலச் சித்திரம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது, ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது என்று கைடு பெருமையாகச் சொன்னார். மாமா குனிந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். செக்கிங் டேபிளில் நிற்கும்போது வரும் முகம் வந்துவிட்டது. ஒரு வில்லோ மரம் சாய்ந்திருக்கிறது, அடுத்ததில் அதே மரம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. ஒன்றில் நீலம் கெட்டி, பக்கத்தில் வெளுப்பு.

"ஷேட் வேரியேஷன்," என்றார் என் காதில். "நமக்கு இப்படி வந்திருந்தா மொத்த லாட்டும் ரிட்டர்ன். இங்க டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. உள்ளூரில் ஒரு கதை உண்டு: அந்த ஓடுகள் ராஜா தனக்காகத் தருவித்தவை, செய்யும்போது பசு ரத்தம் கலந்ததாக ஒரு யூத வியாபாரி காதில் போட, ராஜா வேண்டாமென்று தள்ளிவிட்டார், ஜெப ஆலயத்துக்கு ஓடு கிடைத்துவிட்டது. கதைதான், ஆதாரம் கேட்கக் கூடாது. ஆனால் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் எப்படி எங்கள் ஊர்க் காதர்பேட்டைக் கடைகளுக்கு வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்காது.

மழை பிடித்துக்கொண்டது. தோப்பும்படிப் பாலம் வழியாக வில்லிங்டன் தீவுக்கு வந்தோம். இந்தத் தீவைக் கடவுள் படைக்கவில்லை, ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர் படைத்தார். 1920இல் அவர் வந்தபோது கொச்சி முகத்துவாரத்தில் குறுக்கே மணல்திட்டு. பெரிய கப்பல்கள் வெளியே நிற்க, தோணியில் சரக்கு போகும். பிரிஸ்டோ மண்வாரிக் கப்பலை வைத்து மணலைத் தோண்டினார். தோண்டிய மண்ணை வீணாக்காமல் காயலில் கொட்டித் தீவாக்கினார். 1928 மே 26இல் பத்மா என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. தீவுக்கு வைத்தது கவர்னர் வில்லிங்டன் பிரபுவின் பேர். மண்வாரிக் கப்பலுக்கும் அதே பேர். பிரிஸ்டோ பேரில் தீவு இல்லை.

"கட்டிங் வேஸ்ட்லயே காசு பாத்திருக்கான்," என்றார் மாமா. அன்று முழுவதும் அவர் மனசாரப் பாராட்டிய ஒரே வெள்ளைக்காரர் அவர்தான்.

2021இல் திறந்த 'சாகரிகா' கப்பல் முனையத்தில் பைகளை ஸ்கேனரில் விட்டார்கள். மாமாவின் சட்டைப்பையிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்திரி வெளியே வந்தது, அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். இஞ்ச் டேப்பை விட்டுவிட்டார்கள்.

கப்பலுக்குள் வரவேற்க ஒரு பையன் போலோ டி-ஷர்ட்டில் நின்றான். தமிழ்ப் பையன். அத்தை கூல்டிரிங்க்ஸை வாங்கிக்கொண்டார். மாமா பையனின் காலரைப் பிடித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தம்பி, கப்பல்ல வேலையாளுங்க எத்தன பேரு இருப்பீங்க?"

"நூத்துக்கணக்குல இருப்போம் சார்."

"வருசத்துக்கு எத்தன செட்டு குடுப்பாங்க?"

"மூணு சார்."

"காலரு சுருங்குதா?"

பையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ரெண்டு வாஷ்ல சுருங்கிரும் சார்," என்றான்.

மாமா பர்ஸைத் திறந்து விசிட்டிங் கார்டை எடுத்தார். பையன் பதறி, "சார், இதெல்லாம் மும்பை ஆபீஸ்லதான் கேக்கணும்," என்றான்.

"அங்கதான தம்பி போறோம்?"