சிஸ்டம் அண்ணா கிளவுடுக்குப் போகிறார்

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பள ரசீதில் மட்டும்தான் இருக்கும். மற்றபடி வாட்ச்மேன் முதல் எம்.டி. வரை எல்லோருக்கும் அவர் 'சிஸ்டம் அண்ணா'. எம்.டி.க்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் மெயில் திறக்காத அன்று அவருக்கும் அண்ணாதான்.

சட்டைப் பையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரும் இருக்கும். அந்த ரப்பர்தான் தொழில் ரகசியம். ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தும் கம்ப்யூட்டரைப் படுக்கவைத்து, மூடியைக் கழற்றி, ராமை உருவி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் நாலு தேய் தேய்த்து, ஊதிவிட்டுச் செருகுவார். உயிர் வந்துவிடும். தேதி 2002-க்கு ஓடிவிட்டதா? சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றுவார். நெட் வரவில்லையா? வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று கந்தசஷ்டி கவசம் போல முணுமுணுத்தபடி எட்டு ஒயரையும் கிரிம்ப் செய்வார். எதுவுமே பலிக்காதபோதுதான், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பார். அதை முதலிலேயே கேட்டால், இவருக்கு எதற்குச் சம்பளம் என்று அக்கவுண்ட்ஸில் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வினை பெண் பார்க்கப் போன இடத்தில் வரும். "பையன் ஐ.டி." என்று தரகர் சொல்லியிருப்பார். பொய்யில்லை. ஆனால் பெண்ணின் சித்தப்பா விவரமானவர். "ஐ.டி.ன்னா சோழிங்கநல்லூர் பக்கமா, ரிச்சி தெரு பக்கமா தம்பி?" என்று கேட்டுவிடுவார். அண்ணா கேசரியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வாரமே வேளச்சேரியில் வீக்எண்ட் பேட்ச். முதலில் சி.சி.என்.ஏ., பிறகு லினக்ஸ், அதற்குப் பிறகு ஏ.டபிள்யூ.எஸ். சி.சி.என்.ஏ. சான்றிதழுக்கு ஆயுள் 3 வருஷம்தான். வேலை மாறுவதற்குள் சான்றிதழ் காலாவதியான அண்ணாக்கள் உண்டு. இத்தனைக்கும் அவர் ரிச்சி தெருவில் வாங்கித் தரும் ராமுக்கு லைஃப்டைம் வாரண்டி.

இன்டர்வியூவில் கேட்பார்கள்: "சர்வர் பிங் ஆகலை. முதல்ல எதைப் பாப்பீங்க?" பக்கத்து நாற்காலி பி.டெக். பையன் நெட்வொர்க்கின் ஏழு அடுக்கையும் மேலிருந்து கீழே ஒப்பிப்பான். அண்ணா, "கேபிளைப் பாப்பேன் சார்" என்பார். அந்த ஏழில் முதல் அடுக்கே கேபிள்தான் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் நான் அண்ணா கட்சி. பொருள் என்றால் கெட்டுப்போகும் என்பதைக் கையால் தெரிந்துகொண்டவரிடம்தான் சர்வரை நம்பிக் கொடுக்கலாம்.

வேலை கிடைத்துவிடும். துக்கம் அதற்குப் பிறகுதான். இனி அவர் கவனிக்க வேண்டிய சர்வர்கள் மும்பையில் எங்கோ இருக்கின்றன. அமேசான் அங்கே 2016-ல் கடை விரித்தது. கட்டடத்தைக்கூட அண்ணா பார்த்ததில்லை, பார்க்கவும் விடமாட்டார்கள். கழற்ற மூடி இல்லை, ஊதத் தூசி இல்லை. அலாரம் அடிக்கும்போதெல்லாம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ரப்பரைத் தடவிவிட்டுத் திரும்பும்.

ஒருநாள் ராத்திரி ஷிப்டில் ஞானோதயம். அங்கே மெஷினை ரீபூட் செய்தால் அதே இரும்பில்தான் எழுந்திருக்கும். முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், பெரும்பாலும் வேறொரு நல்ல இரும்புக்கு மாறிவிடும். ஆக, இத்தனை வருஷமாகச் செய்துவந்த அதே ஆஃப்-ஆன் வைத்தியம்! என்ன, முன்பு "ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன் மேடம், சரியாயிடுச்சு" என்றால் போதும். இப்போது "இன்ஸ்டன்ஸ் மைக்ரேட்டட் டு ஹெல்தி ஹோஸ்ட்" என்று ரெண்டு பக்கம் ரிப்போர்ட் எழுத வேண்டும். சம்பளம் மூன்று மடங்கு, அந்த ரெண்டு பக்கத்துக்குத்தான்.

ஆபீஸ் மாறிவிட்டது, சொந்தபந்தம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் போன் செய்வார், பிரிண்டர் கோடு கோடாக அடிக்கிறது என்று. அண்ணா பொறுமையாக, தாம் இப்போது அந்த வேலையில் இல்லை, முன்னூறு சர்வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறோம், ஸ்க்ரூடிரைவரைத் தொட்டே வெகு நாளாகிறது என்று பத்து நிமிஷம் விளக்குவார். மாமனார் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வார்.

"ரொம்ப சந்தோஷம் மாப்ளே. வரும்போது கறுப்பு இங்க் மட்டும் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடுங்க."