900 கோடி ஓட்டைகளும் 46 குண்டூசி ஓட்டைகளும்

மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் ஹேமக்கை எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. தூளி என்பார்கள். "நாப்பத்தஞ்சு வயசுல தூளி கட்டுறான்" என்று அம்மா போனில் சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றே சொன்னது.

தூளியில் படுப்பவனுக்கு எதிரி முதுகுப்பக்கம். மலைக்காற்று அடியில் புகுந்து சூட்டை உருவிக்கொண்டு போய்விடும். ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தாலும் உடம்பின் கனத்தில் அடிப்பஞ்சு அமுங்கி அப்பளமாகும். அதனால் மெத்தையைத் தூளிக்கு வெளியே, அடியில் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டால் சாரலில் நனையும். பிளாஸ்டிக் ஷீட்டால் சுற்றினால் உடம்பின் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தண்ணீராகும். ஆகவே, தண்ணீரை உள்ளே விடாமல் ஆவியை மட்டும் வெளியே விடும் லேமினேட் துணியில் ஓர் உறை தைக்க வேண்டும். இவ்வளவையும் மனைவிக்கு விளக்கினேன். "லாட்ஜுல ரூம் போட்டா என்னங்க?" என்றாள்.

அந்தத் துணிக்கு ஒரு கதை உண்டு. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லான் கம்பிகளை மெதுவாக இழுத்துப் பார்த்தார், ஒடிந்துகொண்டே இருந்தன. வெறுத்துப்போய் வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஒடியவில்லை, நீண்டது. அப்படி இழுபட்ட படலத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 900 கோடி நுண்துளைகள். நீர்த்துளி நுழையாது, நீராவி நுழையும். அதைத் துணியோடு ஒட்டினால் லேமினேட். ஆத்திரத்தில் செய்த காரியம் உருப்பட்டதாக நான் அறிந்தது இது ஒன்றுதான்.

கூரியரில் துணி வந்தது. வெளிப்பக்கம் குடைத்துணி மாதிரி, உட்பக்கம் பாலேடு மாதிரி. கசக்கினால் சிப்ஸ் பாக்கெட் சத்தம். சுடுதண்ணீர் டம்ளரின் வாயில் அதைக் கட்டி, மேலே கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்தேன். இரண்டே நிமிடத்தில் கண்ணாடி வியர்த்தது. பிறகு சுடுதண்ணீர் டம்ளரைத் தலைகீழாகப் பிடித்தேன். ஒரு சொட்டு விழவில்லை. வீட்டையே கூப்பிட்டேன். மனைவி மட்டும் வந்தாள், டம்ளரை வாங்கிப் போக.

தெருமுனை டெய்லர் அண்ணனிடம் "குண்டூசி வேண்டாம், கிளிப்தான் போடணும்" என்று சொல்வதாக இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வாயிலிருந்த குண்டூசியெல்லாம் துணிக்கு இடம் மாறிவிட்டது. பருத்தியில் ஊசித்துளை தானே தூர்ந்துவிடும், லேமினேட்டில் நிரந்தரம். தைத்து வந்ததை மொட்டைமாடியில் கட்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். இடியாப்பம் பிழிந்த மாதிரி 46 இழைகள். 900 கோடி ஓட்டையில் ஒழுகாத துணி 46 ஓட்டையில் ஒழுகியது. ஒவ்வொன்றையும் தீக்குச்சி நுனியில் சிலிக்கான் பசை தொட்டு அடைத்தேன். சமையலறைத் தராசில், பசையோடு 284 கிராம்.

அக்டோபரில் ஏற்காடு. நண்பரின் காப்பித் தோட்டத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்கள். கட்டும் நாடாவை 30 டிகிரி சாய்வில் விட்டால் ஒவ்வொரு பக்கமும் என் எடை 84 கிலோவைத்தான் தாங்கும். விறைப்பாக 10 டிகிரியில் கட்டினால் சுமார் 240 கிலோ. அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

நள்ளிரவில் முழங்கையில் ஈரம். டார்ச் அடித்து 46 இடத்தையும் தடவினேன். ஒழுகவில்லை. ஆனால் உறை முழுக்க, பாரபட்சமில்லாமல், பொடிப்பொடியாக நீர். அப்போதுதான் உறைத்தது. துணி தானாக மூச்சு விடாது. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவிக்கு வெளியே போக உந்துதல். ஏற்காட்டு மூடுபனியில் வெளியே நூற்றுக்கு நூறு ஈரம். என் ஆவி வாசல்வரை போய், இடமில்லை என்று குளிர்ந்த துணியிலேயே உட்கார்ந்துவிட்டது.

வெளிச்சம் பார்த்துக் காவல்காரப் பெரியவர் வந்தார். தலையில் யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். அடிப்பக்கம் முழுக்கத் திறப்பு; காற்றுக்குக் குறைவில்லை.

"ஒழுகுதா தம்பி?"

"இல்லைங்க, வேர்வை."

"இந்தக் குளுருலயா?" என்று நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார். பிறகு கொட்டகையிலிருந்து இன்னொரு சாக்கை எடுத்துவந்து என் தலையில் கவிழ்த்தார். விடியும்வரை அடுப்பங்கரையில் இருவரும் சாக்கோடு உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது அதைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தராசில் வைத்தேன். 112 கிராம்.